கத்திரி படாத கயிறு

பாங்காக்கில் முதல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தபோது லாவோஸ் அணியோடு நானும் போயிருந்தேன் என்றால் இன்றைக்கும் வியஞ்சான் சந்தையில் யாரும் நம்புவதில்லை. "நீ என்னத்த ஓடினே, புவாவன் அக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் ஓடவில்லை. அடுப்பங்கரையில் நின்றேன். எங்கள் ஆட்களுக்கு மூங்கில் கூடையில் அவித்த ஒட்டரிசிச் சோறு இல்லாமல் ஒரு வேளை நகராது. பொலபொலவென்று உதிர்கிற சோற்றைத் தின்றால் கால் எழும்பாது என்பார்கள். அதனால் அணித் தலைவர் ஊடோம் ஐயா, சந்தையில் சோறு விற்றுக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக் கூட்டிப் போனார். என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டு, அதில் 'வைத்திய உதவி' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் கண்ட வைத்தியமெல்லாம் சுடுதண்ணீரும் இஞ்சியும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. குத்துச்சண்டைக்கு வந்த இன்பெங் என் தம்பி. படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவன். அக்கா வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று ஊடோம் ஐயாவிடம் சொல்லிவிட்டான். மீசை முளைத்த தடியன் சொல்கிற பேச்சா இது. ஆனால் எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் நான் திட்டவில்லை.

குத்துச்சண்டை எனக்குப் பிடிக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். சோறு ஊட்டி வளர்த்த முகத்தைக் கொண்டுபோய் இன்னொருத்தன் கைக்கு முன்னால் நீட்டுவது என்ன விளையாட்டோ எனக்கு விளங்கவில்லை.

தொடக்க நாளில் கொடிபிடித்து எல்லா நாட்டுக்காரர்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். பர்மாக்காரர்கள் வந்தார்கள், மலாயாக்காரர்கள் வந்தார்கள், வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். சிவப்புக் கொடியில் மூன்று தலை வெள்ளை ஆனையோடு எங்கள் அணியும் வந்தது. பார்க்கிறவர்கள் கைதட்டலாம் என்று கையைத் தூக்குவதற்குள் கடந்து போய்விட்டது. அவ்வளவுதான் எங்கள் அணி.

சாப்பாட்டுக் கூடத்தில் வேறு நாட்டு ஆள் ஒருவன் எங்கள் பளுதூக்கி தாவோனைப் பார்த்து, "நீங்க போட்டிக்கு வந்தீங்களா, பாங்காக் சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்று சயாம் மொழியில் கேட்டான்.

"சுத்திப் பாக்கத்தாண்ணே," என்றான் தாவோன். "உங்க கழுத்துல மெடல் எப்படித் தொங்குதுன்னு பாத்துட்டுப் போய் ஊர்ல சொல்லணும்ல."

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. கைக்கும் காலுக்கும்தான் குறைச்சலாகப் போயிற்று. தாவோன் பளுவைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். தூக்கிய சந்தோஷத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்து, நடுவர் சொல்வதற்கு முன்னாலேயே கீழே போட்டான். செல்லாது என்றுவிட்டார்கள். ஓட்டக்காரன் விசித்துக்கு ஆணி வைத்த காலணி கொடுத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து போட்டறியாத செருப்பைப் போட்டுக்கொண்டு எப்படி ஓடுவது? பாதி வழியில் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். கடைசியாக வந்தான். "பின்னாடி யாராச்சும் வர்றாங்களான்னு திரும்பிப் பாத்தேன் அக்கா, தூசிகூட வரல" என்று அவனே சொன்னான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, ஒவ்வொருவராய்த் தோற்று, கடைசியில் களத்தில் எங்களுக்கு இருந்தது இன்பெங் ஒருவன்தான். முதல் சுற்றில் அவனோடு மோத ஆளில்லை என்று சொல்லி நேரே அரையிறுதிக்கு அனுப்பிவிட்டார்கள். எதிராளி சயாம் அணியின் புன்சூ. ஊரே அவனுக்குக் கைதட்டும்.

"ஜெயிக்கணும்னு இல்ல அக்கா," என்றான் இன்பெங். "நாம சோறு திங்க மட்டும் வரலைன்னு காட்டணும். நின்னு சண்டை போட்டுட்டு வந்துட்டேன்னா போதும்."

சண்டைக்கு முந்தின சாயங்காலம், பாங்காக்கில் தேக்கு வியாபாரம் செய்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அணியைத் தன் வீட்டுக்கு அழைத்து, குவான் கட்டும் சடங்கு வைத்தார். உயிரைக் காக்கிற ஆவியைத்தான் குவான் என்போம், உடம்பில் முப்பத்திரண்டு குவான் குடியிருக்கின்றன. ஊர்விட்டு ஊர் போனால், பயந்தால், அடிபட்டால், உள்ளே இருக்கிற குவான் ஒன்றிரண்டு வழிதவறி எங்காவது போய்விடும். அதைக் கூப்பிட்டு வெள்ளை நூல் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிவைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூப்பிடுவார், இருக்கிற எல்லோரும் "வா, குவானே, வா" என்று பதில் சொல்வோம். கூப்பிடுகிற குரல் காதில் விழுந்துவிட்டால் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க எங்கள் ஆட்களால் முடியாது. அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டோம். கடைசி ஆள் என்பதால் எல்லோரும் இன்பெங்குக்கே கட்டினார்கள். வியாபாரி கட்டினார், அவர் மனைவி கட்டினாள், அவர் வீட்டு டிரைவர் கட்டினான், நானும் கட்டினேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கயிறு ஏறிவிட்டது.

கட்டிய கயிறு மூன்று நாள் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் முடிச்சை அவிழ்த்துத்தான் எடுக்கலாம், கத்தி கத்திரி படக்கூடாது. மறுநாள் அந்தக் கைகளில்தானே கையுறை மாட்ட வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரனிடம் படித்த ஊடோம் ஐயாவுக்கே தோன்றவில்லை. மூன்று தலை ஆனைக்கும் அடி சறுக்கும்.

மறுநாள், சண்டை நடக்கும் கூடத்துக்குப் பின்னால், நடைவழியில் ஒரு மேசை போட்டுக் கைகளைச் சோதித்தார்கள். சோதித்த அதிகாரி வெளிநாட்டுக்காரர், நரைத்த தலை, சிடுசிடுப்பு இல்லாத முகம். இன்பெங்கின் கைகளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற சயாம்காரர் மொழிபெயர்த்தார்.

"கட்டுத்துணி மட்டும்தான் இருக்கலாமாம். கயிறு, தகடு, மோதிரம் எதுவும் கூடாதாம். எடுத்துடச் சொல்றாரு."

அதிகாரி மருந்துப் பெட்டியிலிருந்து கத்திரியை எடுத்து நீட்டினார். இன்பெங் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான்.

"டேய், என்னடா இது, கையக் குடு," என்றார் ஊடோம் ஐயா.

"கத்திரி வேணாம் ஐயா."

"பச்சப் புள்ள மாதிரிப் பண்ணாத. ஊர்ல போய் வேற கட்டிக்கலாம். இப்ப நீ உள்ள போகலைன்னா தோத்ததா எழுதிடுவாங்க. சண்டை போடாமலே தோக்கறதுக்கா இவ்வளவு தூரம் ரயில் ஏறி வந்தோம்?"

"எங்க அண்ணனுக்குக் கத்திரி வச்சாங்க ஐயா," என்றான் இன்பெங்.

மீதியை நான்தான் சொன்னேன். எங்கள் அண்ணன் தொங்சாய் பட்டாளத்துக்குப் போன அன்று காலையில்தான் அவனுக்குக் கயிறு கட்டினோம். முகாமில் சீருடை கொடுத்தபோது, சிப்பாய் கையில் இதெல்லாம் என்னவென்று சொல்லி மேலதிகாரி ஒருத்தன் வெட்டிப் போட்டுவிட்டானாம். வடக்கே அனுப்பினார்கள். ஆளும் வரவில்லை, ஆளின் சேதியும் வரவில்லை. கயிறு இருந்திருந்தால் வந்திருப்பானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்குக் கடைசி முடிச்சைப் போட்டவன் இன்பெங். அன்றைக்கு அவன் என் இடுப்பளவுதான் இருப்பான்.

ஊடோம் ஐயா அதைக் கேட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அதிகாரிக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் கத்திரியைக் கீழே வைத்தார். "முந்தைய சண்டை முடியற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள எப்படியாவது எடுத்துடுங்க. சட்டத்த நான் மாத்த முடியாது," என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

என் மனசில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. கயிறு இருக்கட்டும், சண்டை வேண்டாம், மூக்கு முழி சேதமில்லாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு மேகோங் ஆற்றைக் கடந்து ஊர் சேர்ந்துவிடலாம். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். அப்படி நினைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அழவில்லை. கூடத்துக்குள்ளே கைதட்டும் சத்தம் வருகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான், படகைத் தவறவிட்டவன் ஆற்றைப் பார்க்கிற மாதிரி. அந்த முகத்தோடு அவனை ஊருக்குக் கூட்டிப்போய் நான் என்ன செய்ய?

"உக்காருடா," என்றேன்.

"அக்கா, மூணு நாள் ஆகலையே."

"ஆகலதான். அவுத்து என் கையில கட்டிக்கறேன். உன் குவானெல்லாம் என்கிட்ட இருக்கட்டும். சண்டை முடிஞ்சதும் வந்து வாங்கிக்க. சொந்த அக்காகிட்ட இருந்தா அது எங்க ஓடிப்போகப் போகுது?"

"அப்படி உண்டா?"

"உண்டு," என்றேன். எந்தப் பெரியவரும் எந்தக் கோயிலிலும் சொல்லாத சாத்திரம் அது. அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கினேன். ஊடோம் ஐயா வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

முடிச்சு ஒவ்வொன்றும் பாசத்தில் இறுக்கிய முடிச்சு. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்து இழுத்தேன். ஒரு கையில் கால்வாசிகூட ஆகவில்லை. விசித் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "ஓடத்தான் தெரியல, இதாவது செய்றேன்" என்று அடுத்த கையைப் பிடித்தான். அதன் பிறகு அணி மொத்தமும் சூழ்ந்துகொண்டது. தாவோனும் வந்தான்.

"நீ தள்ளிப் போடா, உன் விரலு வாழைத்தாறு மாதிரி இருக்கு," என்றான் விசித்.

"சரி, நான் அவுக்கல. எனக்கு ரெண்டு கட்டி விடுங்க, பத்திரமா வச்சிருக்கேன்."

"பாத்துடா. பளுவைப் போட்ட மாதிரி எந்தம்பி குவானையும் பாதியில போட்டுடாத," என்றேன்.

"போட மாட்டேன் அக்கா," என்றான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

எனக்கும் கொடு, எனக்கும் கொடு என்று எல்லோரும் கையை நீட்டினார்கள். ஆளுக்கு இரண்டு, ஆளுக்கு மூன்று. ஊடோம் ஐயாவும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து புன்சூ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கையுறை மாட்டத் தயாராக இருந்த அவன் மணிக்கட்டில், வெயில் படாத வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தது. கூடத்துக்குள் மணி அடித்தபோது கடைசி முடிச்சு அவிழ்ந்தது. என் தம்பி வெறுங்கையோடு எழுந்தான்.

மேடையைப் பெண்கள் தொடக்கூடாது. தொட்டால் சண்டைக்காரனுக்கு ஆகாது என்பார்கள். ஆகவே நான் கீழே, அணியோடு நின்றேன். மேல் வரிசை மலிவு இடங்களில் ரிக்‌ஷாக்காரர்கள் அடைந்து கிடந்தார்கள். எங்கள் ஊருக்கு எதிரே, மேகோங்குக்கு அந்தக் கரையில் இருக்கிற ஈசான் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கொடிதான் சயாம் கொடி, பேச்சும் சோறும் எங்களுடையவை. ஆனாலும் அவர்கள் புன்சூவுக்குத்தான் கத்தினார்கள். அவன் அவர்கள் பக்கத்துப் பையன், நியாயம்தானே.

முதல் சுற்றில் இன்பெங் நன்றாக நின்றான். இரண்டு மூன்று குத்து அழகாகக்கூட விட்டான். அடி விழும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாவோன்தான் சொல்லிக்கொண்டிருந்தான், "இருக்கான் அக்கா, நிக்கறான் அக்கா." இரண்டாம் சுற்றில் அவன் பேச்சு சட்டென்று நின்றது. கண்ணைத் திறந்தேன். என் தம்பி மேடையில் முகம் குப்புறக் கிடந்தான்.

நடுவர் எண்ணத் தொடங்கினார். நான் ஓடினேன். மேடை விளிம்புக்கு வந்து, தொட முடியாமல் ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டேன். மேடையைச் சுற்றிய கயிற்றுக்கு அடியில், ஒருபக்கம் திரும்பியிருந்த அவன் முகம் எனக்கு நேரே இருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அதில் ஆள் இல்லை. என் அண்ணன் எந்தக் காட்டில் இப்படிக் கிடந்தானோ, பக்கத்தில் யார் இருந்தார்களோ. கைதான் தொடக்கூடாது, குரலுக்கு என்ன தடை?

"வா, இன்பெங்கோட குவானே, வா," என்று கூப்பிட்டேன். "காட்டுல இருந்தா காட்ட விட்டு வா. ஆத்துல இருந்தா ஆத்த விட்டு வா. அக்கா இங்க நிக்கறேன், வா."

"வா, குவானே, வா," என்றது எனக்குப் பின்னால் எங்கள் அணி, கயிறு கட்டிய கையைத் தூக்கிக்கொண்டு. பத்துப் பன்னிரண்டு தொண்டைதான். அவ்வளவு பெரிய கூடத்தில் அது எம்மாத்திரம்.

நான் மறுபடி கூப்பிட்டேன். அப்போது மேலேயிருந்து பதில் வந்தது. முதலில் ஒரு கிழக் குரல். அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் மலிவு இடம் மொத்தமும். இதுவரை என் தம்பியை அடிடா குத்துடா என்று கத்திய ரிக்‌ஷாக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று, "வா, குவானே, வா" என்று கூப்பிட்டார்கள். கீழே நாற்காலியில் இருந்த பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் விரலை நீட்டியபடி ஒரு கணம் மேலே பார்த்தார். எதிர் மூலையில் நின்ற புன்சூவின் வாயும் அசைந்தது. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

இன்பெங்கின் கண்ணில் ஆள் வந்தது. என்னைப் பார்த்தான். முழங்காலை ஊன்றினான். நடுவர் எட்டு என்றபோது எழுந்து நின்றுவிட்டான்.

ஜெயித்தானா என்று சந்தையில் கேட்பார்கள். இல்லை. மூன்றாம் சுற்று முடிகிற வரைக்கும் நின்றான், மூக்கிலிருந்து ரத்தம் வடிய நின்றான். புன்சூவின் கையைத் தூக்கிக் காட்டினார்கள். அது சரியான தீர்ப்புதான். கீழே இறங்கி வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான். "குடு அக்கா" என்றான். நான் என் கையிலிருந்ததை அவிழ்த்துக் கட்டினேன். மற்றவர்களும் வரிசையாக வந்து அவரவர் கயிற்றைத் திருப்பிக் கட்டினார்கள். தாவோன் கட்டும்போது, "எண்ணிக்கடா, ரெண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன். வெட்கம் என்ன இதில்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு புன்சூ வந்தான். கழுத்தில் துண்டு, உதடு கிழிந்திருந்தது. அது என் தம்பி செய்த வேலை. எங்கள் பேச்சிலேயே பேசினான்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு கட்டுங்க."

"எந்தம்பி மூக்க உடைச்சவனுக்கு நான் எதுக்குக் கட்டணும்?"

"உடைச்சது தப்புதான். சண்டைல பின்ன என்ன செய்றது," என்று தலையைச் சொறிந்தான். "எங்க அம்மா கட்டி விட்டது இருந்துச்சு. காலைல கத்திரி வச்சுட்டாங்க. எனக்கு வேணாம்னு சொல்லத் தைரியம் இல்ல. உங்க தம்பி சொன்னான்."

"நாளைக்கு இறுதிச் சுற்றுன்னா மறுபடி எடுக்கச் சொல்லுவாங்களே."

"அதான் அக்கா. அவுத்து யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல. எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் ஊர்ல அறுவடைல இருக்காங்க."

நாங்கள் மறுநாள் காலை ரயிலில் கிளம்ப வேண்டியவர்கள். மூட்டைகூடக் கட்டியாயிற்று. ஊடோம் ஐயா என்னைப் பார்த்தார், நான் இன்பெங்கைப் பார்த்தேன். அவன் வீங்கிய மூக்கோடு புன்சூவின் கையைப் பிடித்து இழுத்து என் முன்னால் நீட்டினான். நான் கட்டினேன். இறுக்கிக் கட்டாமல், நாளைக்குச் சுலபமாய் அவிழ்கிற மாதிரி இளக்கமாகக் கட்டினேன்.

ஊடோம் ஐயா போய்ப் பயணச்சீட்டை அடுத்த நாளுக்கு மாற்றிக்கொண்டு வந்தார்.

மறுநாள் புன்சூ மேடை ஏறியபோது கீழே அவனுக்காக மூன்று தலை ஆனைக் கொடிக்காரர்கள் நின்றோம். அவனுடைய கயிறு என் தம்பி கையில் கட்டியிருந்தது. அன்று புன்சூ ஒரு தடவையும் விழவில்லை. விழாதவனுக்கு எதற்குக் குவான் கூப்பிடுவது? ஆனாலும் இன்பெங் முதல் மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.